இடது கன்னம்

இவருக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும், இப்போதைக்கு அது ஒன்றுதான் கவலை. வலப்பக்கம் உட்கார்ந்தால் என் இடது கன்னம் இவரைப் பார்த்து இருக்கும், கட்டுப் பிரிக்கப்போவதும் வலது கண்தான், கல்யாணத்துக்குப் பார்த்த ஜாதகத்தில்கூட இவ்வளவு பொருத்தம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஆவுடை மயினி உட்கார்ந்திருக்கிறாள். இவருடைய அக்கா. மடியில் ஒயர்கூடை, கூடைக்குள் வெள்ளைத் துணி போட்டு மூடிய தாம்பாளம், அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தவள் மாதிரி அசையாமல் இருக்கிறாள். என்னை இடப்பக்கம் தள்ளிவிட்டாள். இடப்பக்கம் உட்கார்ந்தால் வலது கன்னம் தெரியும், வலது கன்னம் தெரியவே கூடாது, அது ஒன்றும் பூசாத கன்னம். "மயினி, அங்ஙன ஃபேன் காத்து நேரா மூஞ்சில அடிக்கு, இங்ஙன வந்து இருங்களேன்" என்றேன். "எனக்குக் காத்து வேணும்ட்டி, நீ சும்மா இரி." சும்மா இருந்தேன். ஆஸ்பத்திரி நடையில் இந்தப் பெஞ்சு நெடுக ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்ட கிழவர்களும் கிழவிகளும், ஒவ்வொருவர் பக்கத்திலும் கட்டுப் போடாத ஒரு துணை, எல்லோரும் டாக்டருக்காகக் காத்திருக்கிறார்கள். துணைகள் எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள். ஒருத்தி பிஸ்கட் தின்கிறாள். இன்னொருத்தி வாயைத் திறந்து தூங்குகிறாள், புருஷன் கண் திறக்கப்போகிற காலையில் வாயைத் திறந்து தூங்குகிறாள், என்ன தைரியம், அல்லது அவளுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அல்லது அவள் புருஷன் கண் நன்றாக இருந்த காலத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டானோ என்னவோ.

இவர் சொன்னதில்லை. கண் நன்றாக இருந்த அத்தனை வருஷமும் என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், தேங்காய் முற்றல் என்று. நான் நட்ட மருதாணியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், மதில் ஓரமாக வைத்திருக்கலாம் என்று. முகம் என்று ஒன்று எனக்கு இருந்ததாகவே காட்டிக்கொண்டதில்லை, மின்வாரியத்தில் வேலை பார்த்த மனுஷன், மீட்டரைப் பார்க்கிற பார்வைதான் எல்லாவற்றுக்கும், ஓடுகிறதா, ஓடுகிறது, சரி. புரை விழுந்த பிறகுதான் அது நடந்தது. ஒரு நாள் காப்பியை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், ஜன்னல் வெளிச்சம் என் மேல் விழுந்திருக்க வேண்டும், "ஏளா, நீ அப்படியே இருக்கெ" என்றார். நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை, ஸ்டாண்டில் தண்ணீர் ஃபில்டர்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அந்தக் கண்ணுக்கு. ஆனால் மறுபடியும் சொன்னார், வேறொரு நாள், நான் துணி மடிக்கும்போது. பிறகு அடிக்கடி. புரை முற்ற முற்ற நான் இளமையாகிக்கொண்டே போனேன். எனக்குத் தெரியாமல் இல்லை, நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தவள், கலங்கின கண்ணாடி வழியாகப் பார்த்தால் எந்தச் சுவரும் வெள்ளையடித்த சுவர்தான் என்று தெரியாதா. தெரிந்து என்ன, அந்த வார்த்தை கேட்ட நாளெல்லாம் சோறு கூடக் கொஞ்சம் இறங்கியது. ஏழெட்டு வருஷம் அந்த வார்த்தையில் குடியிருந்துவிட்டேன். இன்றைக்கு, இந்த நடையின் கடைசியில் இருக்கிற அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று இவ்வளவு காலம் ஊசிக்குப் பயந்து தள்ளியவர் இவர்தான். போன கார்த்திகையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கும்பிட்டுக் கும்பிட்டு நிமிர்கிற ஆளுயரப் பொம்மை வைத்திருந்தார்கள், இவர் நின்று அதற்குப் பதில் வணக்கம் வைத்து, எப்ப வந்திய, பிள்ளையள்லாம் சௌக்கியமா என்று கேட்டு, அது மறுபடியும் கும்பிட, இவர் மறுபடியும் கும்பிட, பந்திக்குப் போகிற கூட்டம் பூராவும் நின்று பார்த்தது. "பதிலே சொல்ல மாட்டேங்கான், நம்மளைக் கண்டா அவ்வளவு இளப்பமா" என்று இவருக்குச் சாப்பாடு முடியும்வரை கோபம். வீடியோவில் அதைப் பார்த்துத்தான் பெங்களூரிலிருந்து மகள் சங்கரி கண்டிப்பாகச் சொன்னாள், அப்பாவுக்குக் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று. புரையை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள், அவசரத்தில் பேசுகிற பிள்ளை. அதே வாரம் எனக்கு அந்தக் குப்பியையும் அனுப்பி வைத்தாள். நான் கேட்கவில்லை. போனில் பேசும்போது, கண்ணு தெளிஞ்சா உங்க அப்பாவுக்கு எல்லாமே தெரியுமேட்டி, என்று மட்டும்தான் சொன்னேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே, "அம்மா, ஒரு சீரம் அனுப்புதேன், ஆண்டி ஆக்சிடன்ட், ராத்திரி படுக்கும்போது போடு" என்றாள். ஆண்டியும் ஆக்சிடன்டுமா, யாருக்கு விபத்து என்று ஆவுடை மயினி கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி, சொட்டு விடுகிற மூடி. பூதக்கண்ணாடி வைத்துச் சீட்டைப் படித்தேன். வைட்டமின் சி. வைட்டமின் ஈ. ஃபெருலிக் அமிலம். திராட்சைத் தோலின் சாறு. பச்சைத் தேயிலை. படிக்கப் படிக்க வகுப்பறை வாசனை வந்துவிட்டது, கரும்பலகை ஈரம், பக்கத்துப் பெஞ்சுக்காரியின் தாழம்பூ. எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். வெயிலும் புகையும் பட்டு ஒன்றை இழந்துவிட்ட மூலக்கூறு இருக்கிறதே, அது கல்யாண வீட்டில் இடம் கிடைக்காத மாப்பிள்ளைத் தோழன் மாதிரி அலையும், எவன் பக்கத்தில் எவள் இருந்தாலும் பிடித்து இழுக்கும், இழுக்கப்பட்டவன் இன்னொருவனிடம் போய் இழுப்பான், ஒரு ராத்திரிக்குள் மண்டபமே நாசம். அந்த நாசம்தான் என் நெற்றியில் இருப்பது, வாயோரத்தில் இருப்பது, கழுத்தில் கொசுவம் வைத்த மாதிரி இருப்பது. அங்கேதான் இந்த வைட்டமின் சி வருகிறது. இந்தா, சண்டை போடாதே, என்னிடம் இருக்கிற ஒன்றை வைத்துக்கொள் என்று தன் எலக்ட்ரானை எடுத்துக் கொடுத்துவிடும். அவன் அடங்கிவிடுவான். இது கெட்டுப் போகும். வைட்டமின் ஈ யாருக்காவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றால் அதற்கும் சிதான் போய்க் கொடுத்து மீட்க வேண்டும், எங்கள் வீட்டுக் கதை, மூத்த மருமகள் கதை. ஃபெருலிக் அமிலம் இவை இரண்டும் சீக்கிரம் கெட்டுப் போகாமல் கூட நின்று தாங்கும். அது எதில் கிடைக்கிறது என்று பார்த்தால் தவிட்டில். தவிடு! எங்கள் வீட்டு லட்சுமி, பசுமாடு, வாழ்நாள் முழுக்கத் தவிட்டுத் தண்ணீருக்குள் மூக்குவரை முகத்தை முக்கிக்கொண்டு நின்றதே, கடைசிவரை அதன் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கண்ணுக்குக் கீழே பை கிடையாது. நான் ஏன் இதை அப்போதே கவனிக்கவில்லை.

"சிஸ்டர், டாக்டர் வந்தாச்சா?" இவர் கேட்கிறார். போகிற காலடிச் சத்தத்தை எல்லாம் சிஸ்டர் என்கிறார். "வந்துட்டு இருக்காங்க தாத்தா." தாத்தா என்று சொன்னதும் இவர் தலை லேசாக அசைகிறது, பிடிக்கவில்லை. "யாரைச் சொல்லுதா?" என்று என்னைக் கேட்கிறார். "பக்கத்துல இருக்கவரை" என்றேன். சமாதானமாகிவிட்டார். பாவம், இவருக்கும் ஒன்று இருக்கிறதுபோல. நான் அதை நினைக்கவே இல்லை, ஆண்களுக்கு இதெல்லாம் கிடையாது என்றே வைத்துக்கொண்டேன். அதை விடு, இப்போது நினைக்க வேண்டியது இடம். மயினிக்குத் தண்ணீர் தாகம் எடுக்கவைக்கலாம். "மயினி, முறுக்கு தரட்டுமா?" என்றேன். முறுக்கு தின்றால் தண்ணீர் தேடும், தண்ணீர் நடையின் அந்தக் கோடியில் இருக்கிறது, அவள் எழுந்து போகிற நேரத்தில் நான் நகர்ந்துவிடலாம். "கனியைக் கையில வச்சுக்கிட்டு எச்சில் பண்ணச் சொல்லுதியா?" கூடையை இன்னும் இறுக்கி அணைத்தாள். ஆமாம், கனி. அதுதான் தாம்பாளம். சித்திரை ஒன்றாம் தேதி விடியலில் எங்கள் பக்கத்தில் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டுபோய், மாவும் வாழையும் எலுமிச்சையும் நகையும் கண்ணாடியும் வைத்த தட்டின் முன்னால் நிறுத்தித்தான் கண்ணைத் திறக்கச் சொல்வோம், வருஷம் நன்றாக இருக்கும் என்று. மயினி அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள். "புதுக் கண்ணு பொறக்குத நாளுல்லாட்டி, மொதல்ல எந்த மூதேவி மூஞ்சில முழிக்கணும்னு இருக்கோ, அதுக்கு விடலாமா?" என்று நேற்று ராத்திரி கேட்டாள். கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். வேண்டுமென்று பார்த்தாள் என்று சொல்ல முடியாது, என்னைத் தவிர அறையில் வேறு யாரும் இல்லை.

இடது கன்னத்துக்கு வருகிறேன். அது என் படிப்பு செய்த வேலை. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மருந்து போடாத ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், செய்முறை வகுப்பில் முதல் பாடம். எனக்கு இருப்பது ஒரே முகம். ஆகவே முகத்தைப் பாதியாக்கினேன். மூக்குக்கு இந்தப் பக்கம் சோதனை, அந்தப் பக்கம் ஒப்பீடு. வித்தியாசம் தெரிந்ததும் அந்தப் பக்கத்துக்கும் ஆரம்பித்து ஆபரேஷனுக்குள் இரண்டையும் சமமாக்கிவிடுவது என்று திட்டம். வித்தியாசம் தெரிகிறதா என்று தினம் கண்ணாடி முன்னால் நின்றேன். காலையில் பார்த்தால் இடது மினுங்கும். சாயங்காலம் பார்த்தால் வலது மேல் என்று தோன்றும். கரண்ட் போனால் இரண்டும் நன்றாக இருக்கும். சங்கரிக்கு வீடியோவில் காட்டினேன், "எந்தப் பக்கம்மா போட்டே?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை. அவள் போன் பழசு, படம் தெளிவில்லை என்று வைத்துக்கொண்டேன். இப்படிச் சோதனை நீண்டுகொண்டே போனதில் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது, அந்தப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் இன்னொன்றும் நடந்தது. ஃப்ரிட்ஜில் மல்லித்தழைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன், மயினி கையில் பட்டால் ஊருக்கே தெரியும், அங்கே இருந்தபடியே சீரம் நிறம் மாற ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் மாதிரி இருந்தது இளநீர் நிறமானது, பிறகு பால் விடாத தேயிலைத் தண்ணீர். வாசனையும் போய்விட்டது, துருப்பிடித்த தகர டப்பாவில் வெல்லம் கரைத்த மாதிரி. எனக்குத் தெரியும் அது என்னவென்று. என் முகத்தில் ஜோடி தேடி அலைகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் குப்பிக்குள் புகுந்த காற்றுக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டது. வாழைப்பூவை நறுக்கினால் உடனே மோர்த் தண்ணீரில் போடுகிறோமே, கறுக்காமல் இருக்க, என் அம்மா போட்டாள், நான் போடுகிறேன், அதே காரியம்தான் இந்தக் குப்பியும் என் கன்னத்துக்குச் செய்ய வந்தது. வந்த மோரே கறுத்துப்போனால் என்ன செய்வது. தூக்கிப் போட்டிருக்க வேண்டும். கறுத்த வாழைப்பூவையும் துவரன் பொரியலாக்கிவிடுகிற கை, தூக்கிப் போட மனசு வரவில்லை. பூசினேன். ஊரிலிருந்து புறப்படுவதற்கு முந்தின ராத்திரிவரை பூசினேன். நேற்று, ஆபரேஷனுக்காக வந்து தங்கியிருக்கிற லாட்ஜ் கண்ணாடியில் பார்க்கும்போது இடது கன்னத்தில் லேசாக ஒரு நிறம் தெரிந்தது. பொலிவு என்று நினைத்தேன். இப்போது, இந்த நடையின் குழல் விளக்கில், கைப்பையின் பித்தளைப் பூட்டில் பார்க்கும்போது, பொலிவுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. முந்தானையால் தேய்த்தேன். மயினி திரும்பினாள். "என்னட்டி மூஞ்சியைப் போட்டுத் தேய்க்க, கொசு கடிக்கா?" "ஆமா மயினி." "நம்மளை ஒண்ணும் கடிக்கலையே." உங்களைக் கடிக்குமா என்று சொல்லவில்லை.

கண்ணுக்குள் இருக்கிற லென்சும் அதே மாதிரி கறுப்பதுதான் புரை. நேற்று இவரை உள்ளே கொண்டுபோன பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தில் பார்த்தேன், குழந்தையின் லென்ஸ் பனித்துளி மாதிரி, அடுத்தது இளமஞ்சள், அடுத்தது தேன், கடைசியில் என் குப்பி. அதே நிறம். நின்றுவிட்டேன். வெயிலும் காலமும் என் தோலை என்ன செய்தனவோ அதையே இவர் கண்ணையும் செய்திருக்கின்றன, ஒரே வேகத்தில், ஒரே வீட்டில், நான் சுருங்கச் சுருங்க இவர் மங்க, நான் இன்னும் சுருங்க இவர் இன்னும் மங்க, யாரும் யாரையும் முந்தாமல் கைபிடித்துக்கொண்டு இறங்கி வந்திருக்கிறோம். அதைப்போய்க் கத்தி வைத்துக் கெடுத்துவிட்டார்கள். இவர் கண்ணுக்கு மட்டும் புது லென்ஸ். அதற்கு வயதே ஆகாதாம், டாக்டர் பெருமையாகச் சொன்னார், உங்களுக்கு அப்புறமும் அது அப்படியே இருக்கும் ஐயா என்று. அப்படியே இருக்கும். பார்த்தாயா, அந்த வார்த்தையும் அதற்குப் போய்விட்டது.

"கைலாசம்! கைலாசம் யாரு?" இவர் எழுந்துவிட்டார். மயினி கூடையோடு எழுந்தாள், அவள் எழுந்த நொடியில் நான் வலப்பக்கம் போய் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஒரு வழியாக. கை சில்லென்று இருந்தது. "பயமா இருக்கா?" என்று கேட்டேன். "எனக்கென்ன பயம். நீதான் என் கையைப் போட்டு நெரிக்கெ." பச்சைத் திரைக்குள் ஒரு ஸ்டூல், ஒரு கட்டில், ஒரு விளக்கு, சின்ன வயசு சிஸ்டர் ஒருத்தி. இவரை உட்காரவைத்தாள். நான் இடது கன்னத்தைத் திருப்பி, கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, சுருக்கம் இழுபடும்படி நின்றேன். அப்படி நின்றால் கோபுரத்துப் பொம்மைபோல இருக்கும் என்று தெரிந்தும் நின்றேன். சிஸ்டர் பிளாஸ்திரியை மெல்ல உரிக்கிறாள். புருவத்தில் ஒட்டிய இடத்தில் இவர் முகம் சுளிக்கிறார். பஞ்சை எடுக்கிறாள், துடைக்கிறாள். "தாத்தா, மெதுவா முழிங்க." "முழிக்காத தம்பி, இரி!" என்று மயினி சத்தம் போட்டாள். துணியை உருவினாள். சிஸ்டர், "பாட்டி, இதெல்லாம் உள்ள கொண்டுவரக் கூடாது" என்று சொல்லி முடிப்பதற்குள் தாம்பாளம் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு இவர் மூக்குக்கு நேராகப் போய்விட்டது. எலுமிச்சை உருண்டு ஓடியது. "இப்பம் முழி!" இவர் முழித்தார். தட்டின் நடுவில், வாழைப்பழத்தில் சாய்த்து, மயினியின் பழைய வட்டக் கண்ணாடி இருந்தது.

இவர் பார்க்கிறார். கண் சிவந்து, நீர் கட்டி, ஆனால் பளீரென்று, அப்படியொரு பார்வையை நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. முன்னால் குனிந்தார். பின்னால் போனார். தலையை இடது பக்கம் சாய்த்தார், கண்ணாடிக்குள் இருந்ததும் சாய்ந்தது. "யாரு இது?" என்றார். "நீதாம்ல" என்றாள் மயினி. "சும்மா இருக்கா. எங்கப்பா மாதிரில்லா இருக்கு." கையைக் கொண்டுபோய்த் தன் கன்னத்தைத் தொட்டார், தாடையின் கீழே தொங்குகிற சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், விட்டார், அது ஆடி நிற்பதைப் பார்த்தார். அந்தக் கண்ணால் இவரும் இவரை ஏழெட்டு வருஷமாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சவரம்கூடத் தடவித் தடவித்தானே செய்தார். இவரும் ஒரு வீட்டில் குடியிருந்திருக்கிறார். நான் கழுத்தை நீட்டுவதை விட்டுவிட்டேன். அப்போது என் பக்கம் திரும்பினார்.

பார்த்தார். நெற்றி, கண், வாயோரம், கழுத்து, ஒன்றையும் விடவில்லை, மீட்டர் பார்க்கிற அதே பார்வை. ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை. "ஏளா" என்றார். "ஒரு கன்னம் மட்டும் என்ன தேயிலைத் தண்ணி நெறத்துல கெடக்கு?" சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சைத் தேடினாள். தரையில் உருண்ட எலுமிச்சையோடு நானும் உருண்டு கட்டிலடியில் போய்விடலாமா என்று இருந்தது. குனிந்து மயினி எலுமிச்சையைத் தேடுகிற நேரம், இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். காதோரம் வந்து, அக்காவுக்குக் கேட்காத குரலில், "அதுல மிச்சம் இருக்கா?" என்றார். "எதுல?" "ஃப்ரிட்ஜ்ல, மல்லித்தழைக்குப் பின்னால." "ராத்திரி மூடியைத் திருகுத சத்தம் கேக்கும்லா, எனக்குக் கண்ணுதானே போச்சு" என்றார். "அது கறுத்துப் போச்சுங்க" என்றேன். "பரவால்ல. நான் மட்டும் என்ன." மறுபடியும் தாடையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் போடணும் என்ன, உன்னை மாதிரி ஒரு பக்கம் வைக்கக் கூடாது" என்றார், எனக்கே பாடம் சொல்கிற மாதிரி.

"வெளிச்சம் படக் கூடாது தாத்தா, இதைப் போட்டுக்கங்க" என்று சிஸ்டர் பெரிய கறுப்புக் கண்ணாடியை எடுத்து இவர் காதில் மாட்டினாள். அது நெற்றியிலிருந்து பாதிக் கன்னம்வரை மூடியது. இவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, கையை நீட்டி என் தோளைக் கண்டுபிடித்து, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்பம் சரி" என்றார். "அப்படியே இருக்கெ."

நான் சிஸ்டரிடம் திரும்பி, இந்தக் கண்ணாடியை எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். ஒரு வாரம் போதும் பாட்டி என்றாள். பாட்டி என்றதைக் கவனிக்கவில்லை. "கூடக் கொஞ்ச நாள் போட்டா கெடுதல் ஒண்ணும் இல்லையேம்மா?" என்றேன்.